ஊசி இறங்குனா ஓடாதே, பேராண்டி!

சென்னையில கம்ப்யூட்டர் தட்டுற பேரன் தீவாளிக்கு ஊருக்கு வந்தா மைசூர்பாகு வாங்கிட்டு வருவான்னு பாத்தேன். நீ என்னடான்னா பித்தளையில ஒரு வட்டப் பெட்டி, அதுக்குள்ள நடுங்குற ஒரு ஊசி, இதைத் தூக்கிட்டு வந்துருக்க. பாரோமீட்டராம். பழைய சாமான் கடையில நாலாயிரம் ரூபாயாம். சரி அப்பு, வாங்குனது வாங்கிட்ட. நம்ம ராமேஸ்வரம் தீவுல, தங்கச்சிமடத்து வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுனியே, அதுவும் தப்பில்ல. ஆனா நேத்து சாயங்காலம் நாலு மணிக்குத் தெருவுல நின்னு, "பிரஷர் காலையிலருந்து மூணு மில்லிபார் இறங்கிருச்சு, புயல் வருது"ன்னு கூவுன பாரு, அதுதான் வினை. உன் சித்தப்பன் அதை நம்பி வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துப் போட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்குறான். உங்க அப்பத்தா மாடியில காஞ்ச கருவாட்டை எல்லாம் அள்ளிட்டு வந்து உள்ள வச்சா. இப்ப வீடே மணக்குது. ராத்திரி பாத்தா வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல.

இன்னைக்கு நாலு மணிக்கும் அந்த ஊசி இறங்கும்டா. நாளைக்கும் இறங்கும். உன் தாத்தன் பொறக்கும் முன்னாலயும் இறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல கிடக்குற ஊர்கள்ல காத்தழுத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஏறி, ரெண்டு தரம் இறங்கும். காலையில பத்து மணி வாக்குல ஒரு உச்சி, சாயங்காலம் நாலு மணி வாக்குல ஒரு பள்ளம். ராத்திரி பத்துக்கு இன்னொரு உச்சி, விடியக்காலம் நாலுக்கு இன்னொரு பள்ளம். காலை உச்சிக்கும் சாயங்காலப் பள்ளத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு மில்லிபார் கிடக்கும். கடல்ல இருக்குற பெருக்கும் வத்தமும் ஆகாசத்துலயும் உண்டு. கடலை இழுக்குறதுல சந்திரனுக்குத்தான் பெரிய பங்கு, காத்தை ஆட்டுறது சூரியன். அதுவும் இழுத்து இல்ல, சுட்டு. மேல கிடக்குற ஓசோனும் கீழ கிடக்குற நீராவியும் பகல்ல வெயிலைக் குடிச்சுச் சூடாகும், ராத்திரி ஆறும். அந்தச் சூட்டுல காத்து மண்டலம் முழுசும் பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆட்டம் போடும். வடக்க போகப் போக இந்த ஆட்டம் சின்னதாகும். லண்டன்ல அடுத்தடுத்து வந்து போற தாழ்வு மண்டலத்துக்குள்ள அது இருக்குற இடமே தெரியாது. நம்மகிட்டதான் அது பட்டப்பகல்ல தெரியும்.

ஹம்போல்ட்னு ஒரு ஜெர்மன்காரர் 1800 வாக்குல தென் அமெரிக்காவுல சுத்துனவரு. அங்க வெப்பமண்டலக் கரையில பாரோமீட்டரைப் பாத்தே கால் மணி நேரம் முன்னப்பின்ன மணி சொல்லிடலாம்னு எழுதி வச்சிருக்காரு. ஆக, நாலாயிரம் குடுத்து நீ வாங்கிட்டு வந்தது புயல் காட்டுற கருவி இல்ல. கடிகாரம். அதுவும் கால் மணி பிசகுற கடிகாரம். ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுல இருநூறு ரூபாய்க்கு இதைவிட நல்லாக் கிடைக்கும்.

மூஞ்சியைத் தூக்காதே. இன்னும் இருக்கு. அந்தத் தட்டுல என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கே, வாசி பாப்போம். ஸ்டார்மி, ரெயின், சேஞ்ச், ஃபேர், வெரி டிரை. இதை எழுதுனவனும் ஒரு தீவுக்காரன்தான். ஆனா தீவு வேற. இங்கிலாந்து. அங்க குளிர்காலத்துல ஊசி ஒரே மாசத்துல 970க்கும் போவும், 1040க்கும் போவும். அவனுக்கு அந்த எழுத்து ஓரளவு சரியா இருக்கும். நமக்கு? 28 அங்குலத்துக்கு நேரா ஸ்டார்மி, 29க்கு ரெயின், 29.5க்கு சேஞ்ச், 30க்கு ஃபேர், 31க்கு வெரி டிரை. உன் மில்லிபார்ல சொன்னா ரெயின் 982, சேஞ்ச் 999, ஃபேர் 1016, வெரி டிரை 1050. நம்ம தீவுல வருசம் முழுக்க ஊசி உலாத்துறது ஏறக்குறைய 1005க்கும் 1015க்கும் நடுவுல. அதாவது சேஞ்சுக்கும் ஃபேருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, இப்படியும் சொல்லாம அப்படியும் சொல்லாம முழிக்கும். சித்திரை வெயில்ல மண்ணு வெடிச்சாலும் வெரி டிரை பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. அப்புறம் அந்த ரெயின் இருக்கே, 982. நம்ம ஊர்ல ஊசி அங்க போய் நின்னுச்சுன்னா, அதைப் பாத்துச் சொல்றதுக்கு நீயும் இருக்க மாட்ட, ஆணி அடிச்ச சுவரும் இருக்காது. அது கடும் புயலோட அழுத்தம்டா. "மழை வரலாம், குடை எடுத்துக்கோ"ன்னு அதுக்குப் பேர் வச்சுருக்கான் வெள்ளைக்காரன்.

இதுல இன்னொரு கூத்து. ஊசி தாழ்ந்தா மழை, ஒசந்தா வெயில்னுதானே உனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது? நம்ம ஊர்ல வருசத்துலயே ஊசி தாழக் கிடக்குறது ஆனி ஆடியில. வடக்க ராஜஸ்தான் பக்கம் மண்ணு கொதிச்சு அங்க அழுத்தம் விழும், அதோட சேந்து நம்ம ஊசியும் தாழும். அப்ப நமக்கு மழையா கொட்டுது? மேக்கத்திக் கச்சான் காத்து மண்ணை வாரிக் கண்ணுல அடிக்கும். மழையை மேற்குத் தொடர்ச்சி மலையே வாங்கிக்கும், நமக்கு வெறுங்காத்து. நம்ம குடத்துல தண்ணி ஊத்துறது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மாசங்கள்ல ஊசி ஆடியைவிட ஒசரத்துலதான் நிக்கும். தட்டை நம்பி நடந்தா ஆடியில குடை பிடிச்சுக்கிட்டு, கார்த்திகையில நனைஞ்சுக்கிட்டு அலைவ.

2024 நவம்பர் 20. நீ அன்னைக்குச் சென்னையில ஏசியில இருந்த. இங்க வெளுத்து வாங்குச்சு பாரு! ராமேஸ்வரத்துல பத்து மணி நேரத்துல 41 சென்டிமீட்டர். பாம்பன்ல மூணே மணி நேரத்துல 19 சென்டிமீட்டர், அதை மேகவெடிப்புன்னு பேப்பர்ல போட்டான். தங்கச்சிமடமும் தப்பல. அதுக்குப் புயல்னு பேர் கிடையாது, வரிசையில அடுத்து எந்த நாட்டுக்காரன் வச்ச பேருன்னு தேட வேலையும் இல்ல. மேல ஒரு காத்துச் சுழற்சி, கீழ சூடான கடல், ரெண்டு பக்கத்துலருந்தும் ஈரம். மேகம் ஒரே இடத்துல நின்னு கொட்டித் தீத்துருச்சு. இந்த மாதிரி மழைக்கு ஊசி பெருசா அசையாது. கொஞ்சம் துள்ளும், அவ்வளவுதான். ஊசி எடை போடுறது உன் தலைக்கு மேல நிக்குற மொத்தக் காத்தை. ஒரு மேகம் கொட்டுறதைக் கண்டுபிடிக்க அதுக்குக் கண்ணு இல்ல. உன் போன்ல மழை எத்தனை சதவீதம்னு காட்டுதே, அதை மட்டும் நம்பலாமாங்காதே. உலகம் பூராவையும் கட்டம் கட்டிக் கணக்குப் போடுறவனுக்கு நம்ம தீவு ஒரு சில கட்டம்தான். அதுலயும் பாதி கடல்.

போன்னதும் ஞாபகம் வருது. நேத்து நீ அழுத்தம் காட்டுற உன் போனை எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடி, "இங்க ஒரு மில்லிபார் இன்னும் கம்மி"ன்னு சொன்னியே? எட்டு மீட்டர் ஒசரத்துக்கு ஏறுனா ஒரு மில்லிபார் குறையும், அப்பு. அது இயற்கை. ரெண்டு மாடியும் தண்ணித் தொட்டியும் ஏறுனா வர்ற வித்தியாசம் அது. கந்தமாதன பர்வதத்துக்கு மேல ராமர் பாதம் கும்பிடப் போறவனுக்கெல்லாம் தினம் அழுத்தம் குறையத்தான் செய்யுது. எவனும் இறங்கி வந்து புயல்னு சொல்லல. பாக்குறதா இருந்தா ஒரே இடத்துல வச்சுப் பாரு.

"அப்ப இந்தச் சனியனை என்னதான் பண்றது தாத்தா"ன்னு கேக்குற. ஆங், இப்பதான் பேரனாட்டம் பேசுற.

ஊசி எங்க நிக்குதுன்னு பாக்காதே. நேத்து இதே மணிக்கு எங்க நின்னுச்சுன்னு பாரு. காலை பத்தை நேத்துக் காலை பத்தோட, சாயங்காலம் நாலை நேத்துச் சாயங்காலம் நாலோட. அப்படிப் பாத்தா தினசரி ஆட்டம் கழிஞ்சு போயிரும். மிச்சம் நிக்குறதுதான் சேதி. வானிலை ஆபீசுலயும் இந்த இருபத்து நாலு மணி நேர வித்தியாசத்தைத்தான் படத்துல கோடு போட்டுப் பாக்குறாங்க. கப்பல்காரங்ககிட்ட இதுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: அந்த மாசத்துல, அந்த மணிக்கு இருக்க வேண்டிய அளவைவிட மூணு மில்லிபார் குறைஞ்சா கண்ணை முழிச்சுக்க. அஞ்சு குறைஞ்சா பக்கத்துல எங்கயோ புயல் இருக்குன்னே வச்சுக்க. தினசரி ஆட்டத்தைக் கழிச்ச பிறகு அஞ்சு. நீ கழிக்காம மூணுக்கே ஊரைக் கூட்டிட்ட.

இன்னொன்னு. நாலு மணிக்கு இறங்குறதைப் பாத்துப் பயப்படுற நீ, பத்து மணிக்கு ஏறுதான்னு பாத்தியா? புயல் கிட்ட வர வர அந்த ரெண்டு உச்சியும் மங்கிப்போகும். காலை பத்துக்கு ஏற வேண்டிய ஊசி ஏறாம அப்படியே கிடந்தா, இல்ல இன்னும் கீழ போனா, அப்பக் கூவு. நானும் சேந்து கூவுறேன்.

ஊசி எவ்வளவுன்னு சொல்லும். எந்தப் பக்கம்னு சொல்லாது. அதுக்கு நாலாயிரம் வேண்டாம், மூஞ்சி போதும். காத்துக்கு நேரா முகத்தைக் குடுத்து நில்லு. தாழ்வு மையம் உன் வலது கைப்பக்கம், கொஞ்சம் பின்னால தள்ளி இருக்கும். பைஸ் பாலட்னு ஒரு டச்சுக்காரர் 1857ல சொன்னது இது. பூமியோட வடபாதிக்கு இந்தக் கணக்கு. தெக்க ஆஸ்திரேலியாவுல போய் நின்னா இடது கை. பூமத்திய ரேகைக்கு ரொம்பப் பக்கத்துல பலிக்காது, நாம ஒம்பது பாகை வடக்க இருக்கோம், பலிக்கும். நம்ம தீவுல மறைக்குறதுக்கு மலையும் இல்ல மாளிகையும் இல்ல, மணலும் கருவேலமும்தான். காத்து வந்த திசையிலயே வந்து மூஞ்சியில அடிக்கும். மார்கழியில வாடை அடிக்குது, வடக்கப் பாத்து நிக்குற, வலது கை எங்க காட்டுது? கிழக்க. வங்கக் கடல். சரியா?

இனி திசை மாறுதான்னு பாரு. வாடை மெல்ல மேக்கத்திக் கச்சானாத் திரும்புச்சுன்னா புயல் நமக்கு வடக்கால போகுது. வாடை கிழக்கத்திக் கொண்டலாத் திரும்புச்சுன்னா தெக்கால போகுது. திசை மாறாம வாடையே வலுத்துக்கிட்டு, ஊசியும் விடாம இறங்குச்சுன்னா, அது உன்னைத் தேடித்தான் வருது. அப்ப போன்ல வீடியோ எடுக்காதே.

சிரிச்சுப் பேசுறதை இங்க கொஞ்சம் நிறுத்திக்கிறேன். 1964 டிசம்பர்ல அந்தமானுக்குத் தெக்க, பூமத்திய ரேகைக்கு அஞ்சு பாகை வாக்குல ஒரு தாழ்வு எழும்புச்சு. அவ்வளவு தெக்கப் புயல் உருவாகுறது அபூர்வம். 22ஆம் தேதி இலங்கையைக் கடந்து, அன்னைக்கு ராத்திரி தனுஷ்கோடி மேல ஏறுச்சு. பாம்பன்லருந்து போன 653 பாசஞ்சர் ஊருக்குள்ள நுழையுற முன்ன, நடுராத்திரிக்குச் சித்த முன்னால, அலை அதை அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு. வண்டியில நூறு பேருக்கு மேல, ஒருத்தரும் மிஞ்சல. தீவுலயும் கரையிலயும் செத்தவங்க ஆயிரத்து எண்ணூறு பேர்ங்குறாங்க. பாம்பன் பாலத்துக்கு மேல இருந்த கர்டர்ல பெரும்பாலானது போச்சு. ஸ்ரீதரன்ங்குற இன்ஜினியர் 46 நாள்ல அதைத் தூக்கி நிறுத்துனாரு. தனுஷ்கோடியை மட்டும் யாராலயும் நிறுத்த முடியல. ஆள் வாழத் தகுதியில்லாத ஊருன்னு சர்க்கார் எழுதிக் குடுத்துருச்சு. இன்னைக்கு அந்த இடிஞ்ச சர்ச்சு முன்னால நின்னு நீ செல்ஃபி எடுக்குற.

அந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியணும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைஞ்சா கடல் ஒரு சென்டிமீட்டர் ஒசரும். அம்பது மில்லிபார் குறைஞ்சாலும் அரை மீட்டர்தான். மிச்சத்தை ஏத்துறது காத்து. நம்ம வடகடல், அந்தப் பாக் விரிகுடா, பதினஞ்சு மீட்டருக்குள்ள ஆழம். காத்து தள்ளுற தண்ணி அடியில திரும்பிப் போக இடமில்லாம கரையேறும். பொம்பளைக் கடல், அமைதியானதுன்னு அதுக்குப் பேர் வச்சவங்க நாம. ஊசியைப் பாத்துக்கிட்டு உக்காந்தவனுக்கு அது அரை மீட்டர்தான் சொல்லியிருக்கும்.

புயல் கண்ணு உன் மேல வந்தா ஊசி அடியில போய் நிக்கும், காத்து சட்டுன்னு அடங்கும். விட்டுருச்சுன்னு வெளிய வராதே. அடுத்த பாதி எதிர்த்திசையிலருந்து வரும். முதப் பாதியில ஆடிப்போன கூரையை ரெண்டாம் பாதிதான் பிச்சுட்டுப் போகும்.

அதுக்காக ஒவ்வொரு புயலும் அப்படித்தான்னு நினைக்காதே. 2020ல புரெவி வந்துச்சே. டிசம்பர் 2 ராத்திரி இலங்கையில கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள்ள வந்துச்சு. பாம்பன்ல ஏழாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தி, நாங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்து, சோத்துப் பொட்டலம் வாங்கித் தின்னுக்கிட்டுக் காத்துருந்தோம். அது என்ன பண்ணுச்சு? கல்யாணம் முடிஞ்சும் கிளம்பாத சம்பந்தி கணக்கா நம்ம வாசல்லயே உக்காந்துருச்சு. ஒரு நாளைக்கு மேல அசையல. ஆழ்ந்த தாழ்வா இளைச்சு அங்கயே கரைஞ்சுச்சு. பெருமழையாவது நம்ம மேலயே நின்னுச்சான்னா, சிதம்பரம், கொள்ளிடம் பக்கம் போய்க் கொட்டி நடராசர் கோயிலுக்குள்ள தண்ணி விட்டுருச்சு. புயல் நம்ம வீட்டுல, வெள்ளம் அவங்க வீட்டுல. எந்தப் பாரோமீட்டர்டா அதைச் சொல்லும்?

அதனாலதான் சொல்றேன், பாம்பன் துறைமுகத்துல ஏத்துற கூண்டைப் பாத்துப் படி. ஒன்னும் ரெண்டும் தூரத்துல என்னமோ இருக்குன்னு அர்த்தம். மூணும் நாலும் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. அஞ்சு, ஆறு, ஏழு ஆபத்து; எட்டு, ஒம்பது, பத்து பெரும் ஆபத்து. இடது பக்கமாப் போகுதா, வலது பக்கமாப் போகுதா, நேரா மேலயே வருதாங்குறதைக்கூட நம்பர்லயே சொல்லிருவான். பதினொன்னு ஏத்துனா வானிலை ஆபீசோட தொடர்பே அத்துப்போச்சுன்னு பொருள். அந்தக் கூண்டுக்குப் பின்னால செயற்கைக்கோள், ரேடார், கடல்ல மிதக்குற மிதவை, பாம்பன் நிலையத்துல நேரம் தவறாம எழுதுற ஆள் எல்லாம் இருக்காங்க. அவங்க சொல்றது சில தடவை பிசகுது, உண்மை. கூண்டு ஏத்தி வெயில் அடிச்ச நாளெல்லாம் எனக்கும் தெரியும். ஒரு நாள் தொழில் போச்சேன்னு அவங்களைத் திட்டியும் இருக்கேன். ஆனா அவங்க பிசகுனா எனக்குப் போறது ஒரு நாள் பாடு. நான் பிசகுனா உன் அப்பத்தா தாலி.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேட்டுக்க. அந்தப் பித்தளையைக் கழட்ட வேண்டாம், சுவத்துக்கு அழகாத்தான் இருக்கு. அண்ணாச்சி கடையில ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கு. காலை பத்து, சாயங்காலம் நாலு, ரெண்டு வேளையும் ஊசியையும் காத்து வர்ற திசையையும் எழுது. நீ சென்னைக்குப் போனதும் உன் தங்கச்சிகிட்டக் குடு, அவ உன்னைவிட ஒழுங்கா எழுதுவா. ஒரு ஐப்பசியிலருந்து அடுத்த ஐப்பசி வரைக்கும் எழுதி முடிக்கிற மட்டும் புயல்ங்குற வார்த்தை உன் வாயில வரக்கூடாது. முதல்ல போய் உன் சித்தப்பன் இடுப்புக்குத் தைலம் தேச்சு விட்டு, வள்ளத்தைத் திரும்பத் தண்ணிக்குத் தள்ளிக் குடு. கூண்டு ஏத்திப் போலீஸ்காரன் மைக்குல கூப்பிட்டா மட்டும் நோட்டு, ஊசி, என் பேச்சு எல்லாத்தையும் விட்டுட்டு, காட்டுற கட்டடத்துக்கு அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போ. எங்க போறதுன்னு தெரியலைன்னா 1077க்குப் போனைப் போடு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. ராப்பகலா ஆள் இருப்பாங்க, காசு கிடையாது.